சேரன்மகாதேவி ரவுட்டரில் ஒரு வரி

ஃபர்ஹத் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஹெப்ரானுக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவன் மனைவி ஸ்வீட்லின் அவளைப் புகழ்ந்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பாளையங்கோட்டையில் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் இன்டர்நெட் கொடுக்கிற சின்னக் கம்பெனி அது. முதலாளி சங்கிலிபூதத்தான் கேபிள் டிவி நடத்திய காலத்திலேயே ஹெப்ரான் அவரிடம் வந்துவிட்டான். ஆழ்வார்திருநகரி வரை ஒவ்வொரு ரவுட்டரும் அவன் மாட்டியது. "நெட்வொர்க்கா? நம்ம ஹெப்ரான்ட்ட கேளுங்க" என்று முதலாளி யாரிடமாவது சொல்லும்போது, காதில் விழாதவன் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவான்.

போன வருஷம் முதலாளி விக்கிரமசிங்கபுரத்திலிருந்த இன்னொரு கம்பெனியை வாங்கினார். அதன் இன்ஜினியராக இருந்த ஃபர்ஹத்தும் கூடவே வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், கணவர் மஸ்கட்டில். பெருநாளுக்கு மறுநாள் பிரியாணித் தூக்கோடு ஹெப்ரான் வீட்டுக்கு வந்தவள், பேச்சோடு பேச்சாக அவர்கள் வீட்டு வைஃபையைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"என்ன அறிவு அந்தப் பிள்ளைக்கு! நீங்க மாசக்கணக்கா பாக்கேன் பாக்கேன்னுட்டே இருந்தீங்க" என்றாள் ஸ்வீட்லின்.

ஹெப்ரானுக்கு அன்று பிரியாணி இறங்கவில்லை.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் குத்தியது. முதலாளி அவனை "ஏலே" என்றும் அவளை "என்னம்மா" என்றும் கூப்பிடுவது குத்தியது. வாடிக்கையாளர்கள் போனில் "அந்த மேடம் இருக்காங்களா?" என்று கேட்டால், இருக்கும்போதே இல்லை என்று சொல்லிவிடுவான். அவளோ எதையும் கவனிக்காமல், வாய்க்கு வாய் "அண்ணே" என்று சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நெட்வொர்க்குகளையும் இணைக்கும் வேலையை முதலாளி அவளிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் ரவுட்டர்கள் வழி சொல்லிக்கொள்ளும் முறை வேறு வேறு. பாளையங்கோட்டைப் பக்கம் ஓ.எஸ்.பி.எஃப்.; விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஈ.ஐ.ஜி.ஆர்.பி. நடுவே சேரன்மகாதேவியில் இருந்த ரவுட்டர்தான் ஒரு பக்கத்து வழிகளை மறு பக்கத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வெளியுலகத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனி வாசல் உண்டு. ரவுட்டரின் பட்டியலில் இல்லாத முகவரி எதுவானாலும் இந்த வாசலுக்கு அனுப்பு என்று சொல்லும் வழிக்கு டீஃபால்ட் ரூட் என்று பெயர். ஒரு வாசல் அடைத்தால் மற்றது தாங்கும். இணைப்பதே அதற்காகத்தான்.

வேலையை முடித்த ஃபர்ஹத் ஹெப்ரானைக் கூப்பிட்டாள். "எல்லா ரூட்டும் வந்துட்டு அண்ணே. ஒருக்க பாத்துச் சொல்லுங்க."

பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதிய கட்டளையில் மற்ற வழிகள் எல்லாம் தாண்டி வரும். விக்கிரமசிங்கபுரம் வாசலைக் காட்டும் டீஃபால்ட் ரூட் மட்டும் ஓ.எஸ்.பி.எஃப்.புக்குள் வராது. அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். பாளையங்கோட்டை வாசல் திறந்திருக்கிற வரைக்கும் குறை வெளியே தெரியாது. அவள் பழகியது மற்ற முறையில். இது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றான்.

"மெயின் லைன கொஞ்ச நேரம் நிறுத்திப் பாத்துருவமா?"

"அதெல்லாம் வேண்டாம். கஸ்டமர் கத்துவான்."

அன்று சாயந்தரம் ஸ்வீட்லினுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனான்.

மழைக்காலம் தொடங்கியபோது சாலை தோண்டிய இயந்திரம் பாளையங்கோட்டை வாசலுக்கு வரும் கேபிளை அறுத்தது. முற்பகல் நேரம். விக்கிரமசிங்கபுரம் வாசல் திறந்தே கிடந்தது. ஆனால் அங்கே ஒரு வாசல் இருக்கிறதென்று இந்தப் பக்கத்து ரவுட்டர் ஒன்றுக்கும் தெரியவில்லை. ஆபீஸ் போன்கள் அலறின. ஹெப்ரானின் செல்லில் ஸ்வீட்லின். அவள் டீச்சராக இருக்கும் பள்ளியில் அன்று ஆன்லைன் பரீட்சை.

"பாதியில நின்னுட்டுங்க. பிள்ளைகள்லாம் அழுதுட்டு இருக்கு."

முதலாளி ஃபர்ஹத்தின் மேசை முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஒண்ணு போனா இன்னொண்ணு வரும்னுதான சொன்ன? எங்கன வந்துச்சு?" அவள் ஒவ்வொரு வரியாகத் தேடினாள்.

இந்தக் காட்சியை ஹெப்ரான் மனதுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருந்தான். நேரில் வந்தபோது பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் இடத்திலிருந்தே சேரன்மகாதேவி ரவுட்டருக்குள் நுழைந்து அந்த ஒரு வரியை எழுதினான். போன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"பாத்தியாம்மா, அனுபவம்னா இதுதான்!" என்று முதலாளி அவன் தோளைத் தட்டினார்.

ஃபர்ஹத் அவன் திரையருகே வந்து அந்த வரியைப் படித்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியுமாண்ணே?"

இல்லை என்று சொன்னால் முடிந்துபோகும். சொல்ல வாயெடுத்தான், முடியவில்லை. "தெரியும்" என்றான்.

முதலாளியின் கை தோளிலிருந்து இறங்கியது. "ஏம்லே அப்படிச் செஞ்ச?"

ஃபர்ஹத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. இரண்டு நெட்வொர்க்குக்கும் ஃபர்ஹத்தைத் தலைமையாக்கி, அவளுக்குக் கீழே அவனை வைத்தார். ஸ்வீட்லினிடம் ஹெப்ரானே எல்லாவற்றையும் சொன்னான்.

ஃபர்ஹத் இப்போதும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் சந்தேகம் என்று அவனிடம் வருவதில்லை. ஏதாவது சிக்கல் என்றால் பழைய கம்பெனித் தோழி ஒருத்திக்குப் போன் போட்டு, சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொள்கிறாள். முகம் தெரியாத அந்தத் தோழிமேல் ஹெப்ரானுக்கு இப்போது வருகிற பொறாமை, ஃபர்ஹத்மேல்கூட அவனுக்கு வந்ததில்லை.