எண்பத்தெட்டு நாள்

இதைக் கதை என்று சொல்லிப் பாருங்கள், ஜெஸீம் உங்களோடு சண்டைக்கே வருவார். மருதமுனையில், பட்டப்பகலில், அவருடைய சொந்த வீட்டு வாசலில் நடந்தது இது.

கட்டாரில் பதினான்கு வருட உழைப்பு. அதில் ஊரில் ஒரு வீடு கட்டி, இன்ஸாப் என்பவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். கட்டினவர் அங்கே, வீடு இங்கே! கூரை ஒழுகினாலும் தண்ணி மோட்டர் பழுதானாலும் தோஹாவில் அவருடைய போன்தான் அலறும். பிறகு ஒருநாள் இன்ஸாப் மௌத்தானார். அவருடைய மனைவி றிஸ்மியா இத்தாவில் அமர்ந்தாள். கணவன் இறந்தால், பிறைக் கணக்கில் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களைப் பாராமல், அந்த வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்க வேண்டும்.

ஜெஸீமுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஏது? வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் அனுப்பினார். "குறை நினைக்காதீங்க தங்கச்சி. ஊட்ட உட்டுத் தாங்க."

பதில் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து லீவில் வந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மச்சான் ஷரிபுதீன் அப்போது மக்காவுக்கு உம்றா செய்யப் போயிருந்தான். "ஊட்டு விசயம் நான் வந்த பொறகு கதைப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தான். ஜெஸீமுக்கு அதுவரைக்கும் பொறுமை ஏது?

வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு, நாலு பத்துக்குக் கேற்றைத் தள்ளினார். முன்கதவு திறந்திருந்தது. குறுக்கே ஒரு வெள்ளைச் சீலை. கடல்காற்றில் முற்றத்து வேம்பு சலசலத்தது. சீலை மட்டும் அசையவில்லை...

"ஆரு?"

"நான் ஜெஸீம். ஊட்டுக்காரன்."

"நான் இத்தாவில இரிக்கன் காக்கா. உள்ள வராதீங்க."

படியில் வைத்த காலைச் சட்டென்று எடுத்தார். அண்ணனாக நினைத்துக் காக்கா என்கிறாள், வெட்கமாகப் போய்விட்டது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் எத்தின நாள் கிடக்கு?"

"எண்பத்தெட்டு."

அவர் கணக்குப்படி ஒரு மாதம்கூட மிச்சமில்லை. பாவம், துக்கத்தில் நாளைத் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்தார். சீனியும் பால்மாவும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்து, பையைக் கேற்றில் மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை. அதே நாலு பத்து.

பை மாட்டின இடத்திலேயே தொங்கியது. சீனிப் பக்கற் கிழிந்து கொட்டியிருந்தது. ஓர் எறும்பு இல்லை. முற்றத்து மணலில் வியாழக்கிழமை அவர் நடந்த தடம் மட்டும்...

"தங்கச்சி... எத்தின நாள்?"

"எண்பத்தெட்டு."

அவர் ஓரடி பின்வாங்கினார்.

"நீங்கதானே போகச் சொன்னீங்க, காக்கா..."

குரல் சீலைக்குப் பின்னால் இல்லை.

அவருடைய காதடியில்.

ஓடினார். செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

செவ்வாய்க்கிழமை ஷரிபுதீன் வந்தான். விசயத்தைக் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினான்.

"எந்தக் கதவு திறந்து கிடந்த? நான் பூட்டி ரெண்டு மாசம். திறப்பு என்னோட மக்காவுக்கு வந்த."

"அப்ப றிஸ்மியா?"

"ஒங்கட வொய்ஸக் கேட்டு, நாப்பதாம் நாள் வெளிக்கிட்டிச்சு. 'இன்னும் எண்பத்தெட்டு நாள் கிடக்கே' எண்டு வாசல் படியில நிண்டு அழுதிச்சு. சம்மாந்துறையில தங்கச்சி ஊட்டுக்குப் போய்ச் சேரல்ல மச்சான். ஓட்டோக்குள்ளேயே மௌத்து. ஒங்களுக்கு இத எப்பிடிச் சொல்ற எண்டுதான்..."

அன்றைக்கே இருவரும் போனார்கள். நாலு பத்து. கதவில் பூட்டு, துருப்பிடித்துக் கிடந்தது. சீலை இல்லை. படியடியில் ஜெஸீமின் செருப்பு. யாரோ சோடி சேர்த்து, கேற்றைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது. ஜெஸீம் தேம்பித் தேம்பி அழுதார்.

"நாள் முடியுமட்டும் இரிங்க தங்கச்சி. கலியாணத்தப் பின்னுக்குப் போடுறன். என்ன மன்னிச்சிருங்க."



செருப்பை எடுக்கக் குனிந்தார்.

பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. ஷரிபுதீனும் கேட்டான்.

"எண்பத்தேழு."