ஓட்டை ஜாடியில் ஆப்பிரிக்கச் செடி

விருத்தாசலத்தில் அப்பா வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் ஊறுகாய் ஜாடி செய்வார்கள். ஒருநாள் அவர் ஒரு ஜாடிக்கு மட்டும் அடியில் ஓட்டை போட்டுச் சூளைக்குள் வைத்தார். "ஓட்ட ஜாடியில என்னாத்தண்ணே ஊற வைக்கப் போறீங்க?" என்று பட்டறையே சிரித்ததாம். அதில்தான் எங்கள் வீட்டு ஆப்பிரிக்கச் செடி வளர்ந்தது. அதன் பழத்தைத் தின்றபின் எலுமிச்சையைக் கடித்தாலும் இனிக்கும் என்றார்கள்.

எப்போதாவது கொஞ்சம் புளித்த மோர் ஊற்றச் சொல்லியிருந்தார் செடியை விற்ற நர்சரிக்காரர். அப்பாவுக்குப் பொறுமை ஏது? காலையில் மோர், மாலையில் புளித்தண்ணீர். எனக்குத் தலை சுற்றியது. புளிப்பை இனிப்பாக்கும் செடிக்குப் புளிப்பையே ஊற்றினால் அது என்னதான் செய்யும்? கேட்டால், "போயி படி" என்பார்.

அந்த வருடம் அம்மா அடிக்கடி பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவாள். தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. உடம்புச் சூடு என்றார்கள், நம்பிவிட்டேன். சோற்றை வாயில் வைத்தாலே, "ஆணியச் சப்புற மாதிரி இருக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"இது எல உதுராத ஜாதி, எந்த வெயிலுக்கும் பச்சையா நிக்கும்" என்று அப்பா பெருமையடித்தால், அம்மா தலையில் கட்டிய துணியைத் தடவிக்கொண்டு, "அப்ப என்னையவிடத் தேவல" என்பாள். அவள் சிரிப்பாள். அப்பா சிரிக்கமாட்டார். நல்ல ஜோக்குக்குக்கூட ஏன் சிரிக்கவில்லை என்று குழம்புவேன்.

கடைசியில் சின்னதாய், சிவப்பாய் ஒரே ஒரு பழம் பழுத்தது. எனக்கு எச்சில் ஊறியது. அப்பா அதை அம்மாவிடம் கொடுத்தார். அவள் சப்பிச் சப்பிக் கொட்டையைத் துப்பினாள். உடனே தக்காளி ரசம் விட்டுப் பிசைந்த சோற்றை நீட்டினார். ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய். தட்டு காலியாகிவிட்டது.

"ரசத்துல சக்கரையக் கொட்டிட்டீங்களா? இன்னும் கொஞ்சம் போடுங்க."

அப்பா குதிக்கப்போகிறார் என்று பார்த்தால், சோற்றைப் போட்டுவிட்டுச் செம்பும் கையுமாக வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"காலையிலதான் ஊத்துனேன், மண்ணு ஈரமா இருக்குதுப்பா."

அவர் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டியபடி ஊற்றிக்கொண்டே நின்றார். ஓட்டை வழியாகத் தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. செடி அழுகிவிடுமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்குச் செடி வளர்க்கவே தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொடுக்க உள்ளே ஓடினேன்.