ஆரியா என்று சொல்ல ஆளில்லை

தண்டையார்பேட்டையில் போய் 'நாங்க ஹார்ட்கோர் பேண்டு' என்று சொல்லிப் பாருங்கள். "சாவுக்கு வருவீங்களா நைனா?" என்றுதான் கேட்பார்கள். வல்லரசு அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆளில்லை. "நாங்க வாசிச்சா பொணம் எழுந்து ஓடிரும் தலீவா" என்பான். அவன் டிரம்ஸ் வாசிக்கும் பேண்டுக்குப் பெயர் கலீஜ். பெயர் வைத்தவன் பாடகன் அன்பரசன். பாட்டு என்றதும் தாலாட்டை நினைத்துவிட வேண்டாம். அடிவயிற்றிலிருந்து கத்துவான், அதற்குக் கீழே இடி இடிக்கும்.

அந்தத் தொண்டை யார்டில் வளர்ந்த தொண்டை. வார நாளில் இருவருக்கும் எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. வல்லரசு மேலே கிரேன் ஓட்டுவான். அன்பரசன் கீழே நின்று வழிசொல்வான். அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் சரக்கு போய்விட்டால் மேலே இருப்பவன் குருடன். கீழே நிற்பவன் சொல்தான் கண். மற்றவர்களுக்கு விசிலும் வாக்கி-டாக்கியும் தேவைப்பட்டன. அன்பரசன் இன்ஜின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு "ஆரியா" என்பான். இறக்கு என்று அர்த்தம். எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்டால் யார்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சொல் காதில் விழாமல் வல்லரசு ஒரு சாண் இறக்கியதில்லை. சொல்லாமல் இறக்குகிறவன் ஆளைக் கொல்வான், அவ்வளவுதான் தொழில்.

அதையே பாட்டிலும் வைத்தார்கள். வேகம் ஏறி ஏறி இனித் தாங்காது என்கிற இடத்தில் அன்பரசன் "ஆரியா" என்று அலறுவான். வல்லரசு மொத்தத்தையும் மெதுவாக, பாரமாக இறக்குவான். கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் விழும். கல்லூரிப் பிள்ளைகள் அதை ஆரியர்களுக்கு எதிரான கோஷம் என்று எண்ணி முஷ்டியை உயர்த்துவார்கள். அன்பரசன் திருத்தவே இல்லை. "தூக்குன கை தூக்குனபடியே இருக்கட்டும் மாமு" என்று சிரித்தான்.

போன வருஷம் மஞ்சள்காமாலை வந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, போய்ச் சேர்ந்தான். மூலக்கொத்தளத்தில் அடக்கம். பெட்டியைக் கயிற்றில் இறக்க நான்கு பேர் நின்றார்கள். ஒரு மூலை வல்லரசுவின் கையில். மற்ற மூவரும் கயிற்றைத் தளர்த்தினார்கள். வல்லரசு தளர்த்தவில்லை. பெட்டி சாய்ந்து குழிச் சுவரில் இடித்தது. பெண்கள் அலறினார்கள். "வுடுடா டேய்" என்று யாரோ அவன் விரல்களைப் பிரித்துக் கயிற்றை வாங்கிக்கொண்டார்கள். சிநேகிதன் போன துக்கத்தில் மரத்துப் போய்விட்டான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் காத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் உண்மை. யாரும் சொல்லவில்லையே. சொல்ல வேண்டியவன் பெட்டிக்குள் கிடந்தான்.

இதை வல்லரசு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்காவிட்டால் அதைவிட மோசம்.

யார்டுக்குப் புதிதாக வந்த கிருஷ்ணப்பன் வாக்கி-டாக்கியில் "டவுன், டவுன்" என்றான். கை இறங்கியது. சம்பளம் வாங்குகிற கை இறங்கித்தானே ஆக வேண்டும். டிரம்ஸில்தான் சண்டித்தனம் செய்தது. புதுப் பாடகன் ஒருவனைக் கூட்டிவந்தார்கள். அவன் "ஆரியா" என்று கத்தியதும் வல்லரசு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். மறுமுறையும் அதேதான். ஆளை விட்டால் போதும் என்று அந்தப் பாடகன் கிளம்பிவிட்டான்.

அப்புறம் பாடகனே இல்லை. கிடாருக்குப் பெனிட்டோ, பேஸுக்கு வசீம், டிரம்ஸுக்கு வல்லரசு. பாட்டு ஏறியது, ஏறிக்கொண்டே போனது, உச்சியில் நடுங்கிக்கொண்டு நின்றது, சட்டென்று அறுந்தது. இறங்கவே இல்லை. பெங்களூரில் கேட்டவர்கள் கைதட்டி ஓயவில்லை. கலீஜின் புதிய ஒலி என்று யாரோ இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். பெனிட்டோவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதான்டா நம்ம சவுண்டு. போறப்போ அவன் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றான்.

வல்லரசுக்குப் புதிய ஒலியாவது மண்ணாங்கட்டியாவது. ஊர் கைதட்டுகிற நேரமெல்லாம் அவன் அந்தக் குழியோரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒண்டியாக நின்றான். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அன்பரசனுக்காகக் கட்டிய பாட்டு அடுத்த வாரம் பதிவாக இருந்தது. பதிவாகிவிட்டால் என்றைக்கும் அப்படியேதான், இறங்காமலேதான். அந்த நினைப்பில் அவனுக்குச் சோறுகூட இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெனிட்டோவின் அப்பாவுடைய வெங்காய குடோனில் ஒத்திகை. அன்பரசனின் மனைவி எழில்மொழி மஞ்சப்பையோடு வந்தாள். பைக்குள் அவனுடைய மைக்.

"வூட்ல சும்மா கெடக்குது. புள்ள எடுத்துக் கடிச்சிகினு கீது" என்றாள்.

மூட்டைமேல் உட்கார்ந்து பாட்டை முழுக்கக் கேட்டாள். அது அறுந்ததும் பெனிட்டோ அவள் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாகீது" என்றாள் மரியாதைக்கு. பிறகு வல்லரசுவின் பக்கம் திரும்பினாள். "இன்னாண்ணா, எறக்கவே இல்ல?"

வல்லரசு குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கும் நீ வுடல. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"யாரும் சொல்லலம்மா" என்றான் வல்லரசு. வாய் தவறி வந்துவிட்டது.

எழில்மொழி சிரிக்கவில்லை. "வூட்லயும் உன் பிரண்டோட இதே ரோதனதான். புள்ளைய தோள்லேந்து எறக்கணும்னாகூட நான் சொல்லணும். சொல்லலன்னா தூக்கிகினே தெருத்தெருவா சுத்தும் அது." மைக்கைப் பையிலிருந்து எடுத்து வசீமிடம் நீட்டினாள். "சொருகு. நீ வாசிண்ணா, நான் சொல்றேன்."

வாசித்தார்கள். பாட்டு ஏறியது. வழக்கமாக அறுந்துபோகும் இடம் வந்தது. எழில்மொழி கத்தவில்லை. பிள்ளையை இறக்கிவிடச் சொல்கிற குரலில், வீட்டுக் குரலில் சொன்னாள்.

"ஆரியா."

வல்லரசு இறக்கினான். கண்ணாடிச் சரக்கு இறக்குவதுபோல, ஆட்டாமல், இடிக்காமல், சாண் சாணாக இறக்கினான். முகத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை கிடைக்கவில்லை. கடைசி அடி விழுந்தது.

எழில்மொழி காலிப் பையை மடித்துக்கொண்டு, பிள்ளை தேடும் என்று போய்விட்டாள். மூலக்கொத்தளத்தில் தான் பிடித்திருந்த பெட்டி மூலை இப்போதுதான் தரையைத் தொட்டது என்று வல்லரசுக்குத் தெரிந்தது. கயிறு போன கைகளை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.