முகத்துக்குப் பூசிய சமையல் மஞ்சள்

என் முகம் கறுப்பு என்று எனக்கு முதலில் சொன்னவர், மாமனாராக வரவிருந்தவர். அதுவரை முகம் என்று ஒன்று இருப்பதே சவரம் செய்யும்போதுதான் எனக்கு நினைவுக்கு வரும். நான் சர்வேயர். திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு எங்கள் ஆபீஸ் வேங்கிக்காலில். ஆபீஸ் என்பது பேருக்குத்தான். பகல் முழுக்க வயல் வரப்பில் நின்று நிலம் அளப்பேன். வெயிலில் நின்று சம்பளம் வாங்குகிறவன் வேறு எந்த நிறத்தில் இருப்பான்? அரசாங்க வேலையும் வேண்டும், ஆளும் நிழலில் வளர்ந்த மாதிரி இருக்க வேண்டும்.

செங்கத்தில் பெண் பார்த்தோம். எனக்குப் பிடித்தது. அவளுக்கும் சம்மதம் என்றார்கள். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அவள் அப்பா என் அம்மாவிடம், "எல்லாம் சரிங்க. பையன் கலர்தான் கொஞ்சம் கம்மி" என்றார், கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிறவர் போல. அம்மா சிரித்து மழுப்பினாள். இதற்கு முன் இரண்டு வீடுகளில் பெண்ணைப் பற்றி இதையே சொல்லிவிட்டு வந்தவள் அவள். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.

இந்த முறை வந்தது. மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் தங்கச்சியின் டப்பாவைத் திறந்தேன்.

தங்கச்சி காலேஜில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடலை மாவு, தயிர், கஸ்தூரி மஞ்சள் மூன்றையும் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பேசினால் வெடித்துவிடும் என்று அந்த நேரம் மட்டும் வாயை மூடியிருப்பாள். அதனாலேயே எனக்கு அந்தப் பூச்சின் மேல் ஒரு மரியாதை உண்டு. நான் பார்த்தபோது டப்பாவில் கஸ்தூரி மஞ்சள் காலி. அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், அம்மா கோயிலுக்கு. அடுக்களையில் குழம்புக்குப் போடும் மஞ்சள்தூள் நிறைய இருந்தது. மஞ்சள் எல்லாம் மஞ்சள்தானே. நிலத்துக்கு அரை அடி தப்பினால் ஊரைக் கூட்டுகிறவன் நான். முகத்துக்கு ஒரு கணக்கும் பார்க்கவில்லை. ஜாஸ்தி போட்டால் ஜாஸ்தி வேலை செய்யும் என்று நான்கு கரண்டி போட்டு, கடலை மாவு தயிரோடு கையாலேயே குழைத்துப் பூசினேன். கால் மணி நேரத்தில் கழுவ வேண்டும். தூங்கிவிட்டேன்.

எழுந்து கழுவினால் போகவில்லை. துணி சோப்பு போட்டேன், தேங்காய் நார் போட்டேன். தோல் எரிந்ததுதான் மிச்சம். கண்ணாடியில் பார்த்தால் எலுமிச்சம் பழத்துக்கு மீசை வைத்த மாதிரி இருந்தேன்.

அன்று பௌர்ணமி என்பதை மறந்துவிட்டேன். கிரிவலத்துக்கு வந்த பெண்ணின் அப்பாவும் அவள் தாய்மாமனும், சம்பந்தி வீட்டில் ஒரு எட்டுத் தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று மத்தியானமே வந்து நின்றார்கள். அவர்களோடு அம்மாவும் உள்ளே வந்தாள். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார்கள். தாய்மாமன் ஏதோ ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கம்பவுண்டராக இருந்தவராம். என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அதுவும் மஞ்சள்.

"காமாலை மாப்ள. முத்திப்போச்சு" என்றார்.

ஒரே வரி சொன்னால் முடிந்திருக்கும். முகத்துக்குப் பூசினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. யார் சொன்ன சொல்லுக்காகப் பூசினேனோ அவரே எதிரில் நிற்கிறார். "ஆமாங்க, ரெண்டு நாளா பசியே இல்ல" என்றேன்.

அம்மா அழ ஆரம்பித்தாள். மறுநாள் காலையே பக்கத்து கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்த மோர். உப்பில்லை, புளியில்லை, எண்ணெய் இல்லை. ஐந்து நாளில் சாயம் தானாகப் போனது. மருந்து கொடுத்தவருக்குப் பேர் வந்தது. தங்கச்சிக்கு மட்டும் தன் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதப் போவதில்லை.

இதோடு விட்டிருந்தால் சரி. செங்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது: நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம். ஏன் என்று இரண்டு நாளில் தெரிந்தது. தாய்மாமன் எங்கள் ஆபீசுக்கே வந்து, நான் குடிப்பேனா என்று பியூனிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வயதில் காமாலை வந்தால் ஈரல் கெட்டிருக்க வேண்டும், ஈரல் கெட்டால் சாராயம். நான் டீயே ஒரு வேளைதான் குடிப்பேன்.

அந்தப் பெண் கைவிட்டுப் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு செங்கம் பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டு ஹாலில் அப்பா மட்டும்தான் இருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. "நான் குடிக்கிறவன் இல்லீங்க. எனக்குக் காமாலையும் வரல. நீங்க கலர் கம்மின்னு சொன்னீங்க. அதான் மஞ்சள் பூசினேன்."

அவர் நம்பவில்லை. குடிக்கிறவனெல்லாம் இப்படித்தான் எதையாவது ஜோடித்துக்கொண்டு வருவான் என்றார். தங்கச்சி சத்தியம் செய்தாள். அண்ணனுக்குத் தங்கச்சி சத்தியம் செய்யாமல் வேறு யார் செய்வார் என்று கேட்டார்.

உள்ளே இருந்து அந்தப் பெண் வந்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"எந்த மஞ்சள்?"

"சமையல் மஞ்சள்."

"எவ்ளோ நேரம்?"

"தூங்கிட்டேன்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "நிஜம்தான்பா. இத யாராலயும் யோசிச்சு சொல்ல முடியாது. குடிகாரனா இருந்தா இதவிட நல்ல பொய்யா சொல்லியிருப்பான்."

அவளுக்கு என் மேல் இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஆனால் அது போதுமாக இருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம் எங்களை உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ள, கல்யாணத்த நடத்திடலாம். ஆனா இந்த மஞ்சள் பூசின கத வெளிய வேணாம். ஊர்ல காமாலைன்னே இருக்கட்டும். கெட்ட தண்ணியால வந்துச்சுன்னு நானே சொல்லிக்கிறேன். ஆம்பள முகத்துக்குப் பூசிக்கிட்டாருன்னு தெரிஞ்சா எங்களுக்குத்தான் அசிங்கம்."

சரிங்க என்றேன். வைகாசியில் கல்யாணம் நடந்தது.