அத்தானுக்குக் கலக்கிய சிவப்புப் பவுடர்

குச்சி என்கிற பெயர் முதன்முதலாக என் காதில் விழுந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். நாத்தனாரின் ஓரகத்தி மகள், கையில் மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "மாடிப்படியில வழுக்கிட்டேன் அத்தை" என்றாள். அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது. பிறகு குரலை இறக்கி, "குச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கொலை விழுந்துடும்" என்றாள்.

குச்சி அவள் தம்பி. பெயர்தான் குச்சி, ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயரைக் கேட்டுக் கேட்டு வெந்துபோய் ஜிம்முக்குப் போனவன், அங்கேயே மாஸ்டராகிவிட்டான். அலமாரி நிறைய புரோட்டீன் டப்பாக்கள். யாருக்கு எத்தனை கரண்டி, தண்ணீரிலா பாலிலா, எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம்.

விஷயம் அவன் காதுக்குப் போகாமலா இருக்கும்? அக்காவின் கழுத்தில் விரல் பதிந்திருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டான். நேரே போய் அத்தானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அக்கா குறுக்கே விழுந்து தம்பியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"கைக்குழந்தை இருக்குடா! அடிதடி இல்லாம இவரை நிறுத்துற வழி இருந்தா சொல்லு."

குச்சிக்கு ஒரு வழி தோன்றியது. அத்தான் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். வேலை விட்டு வந்தபிறகுதான் கை நீளும். ஜிம்முக்கு இழுத்துவந்து சக்கையாகப் பிழிந்துவிட்டால், வீட்டுக்குப் போனதும் சுருண்டுவிடுவான் அல்லவா? ஜிம்காரன் புத்தி வேறெங்கே போகும்!

"வாங்க அத்தான், தொப்பையக் கரைச்சிடலாம்."

"உங்க அக்கா சமையலுக்குத் தொப்பை வேற வருமா மச்சான்?" என்று இளித்துக்கொண்டே வந்தான்.

பட்டறையில் வெந்துவிட்டு வருகிறவன் பாதியில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று, எடை தூக்கும் முன்னால் ஒரு சிவப்புப் பவுடரைக் கலக்கிக் கொடுத்தான் குச்சி. குடித்தால் தோலுக்கடியில் எறும்பு ஊரும், நெஞ்சு படபடக்கும், அசதி ஓடிவிடும். முடிந்ததும் புரோட்டீன். குச்சி சிவப்புப் பவுடரை விடிகாலையில் குடித்துப் பழகியவன். பொழுது சாயக் குடிப்பவனுக்குத் தூக்கம் பறந்துவிடும் என்பது அவன் மண்டையில் ஏறவேயில்லை. அத்தானின் தோள் திரண்டதைத் தட்டிப் பார்த்து, மனசு மாறுகிறார் என்று நம்பினான்.

ஒரு சாயங்காலம் அக்கா ஜிம்முக்கே வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. முந்தானை நுனியில் முடிந்திருந்த பல்லை அவிழ்த்துக் காட்டினாள்.

"மனுஷன் தூங்குறதே இல்லடா. முன்னெல்லாம் ரெண்டு அடியில ஓஞ்சிடுவாரு. இப்ப கையே வலிக்க மாட்டேங்குது. என்னத்தடா கலக்கிக் குடுக்குறே?"

குச்சி திரும்பி அந்தச் சிவப்புப் பவுடர் டப்பாவைப் பார்த்தான்.

"குடும்ப விஷயத்தைத் தெருவுக்கா கொண்டு வர்றே?" பெஞ்சில் எடை தூக்கிக்கொண்டிருந்த அத்தான் எழுந்து வந்து அவள் தலைமயிரைப் பிடித்துக் கண்ணாடிச் சுவரில் மோதினான். கண்ணாடி சிலந்திவலையாக விரிந்தது. ரத்தம் அதில் வழிந்தது.

குச்சி அத்தானைக் கீழே தள்ளி, வலது கையைப் பெஞ்சு விளிம்பில் அமுக்கிப் பிடித்து, எடை வட்டைத் தூக்கி இறக்கினான். "மச்சான், வேணாம்டா!" என்று அலறியதையும் கேட்டுக்கொண்டேதான் மறுபடி இறக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தத்தில் ஜிம்மே பின்வாங்கியது. அக்கா மட்டும் இந்தத் தடவை குறுக்கே விழவில்லை.

அத்தானின் விரல்கள் இனி எதையும் பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா குழந்தையோடு தாய்வீட்டில் இருக்கிறாள். குச்சி ஜெயிலில் இருக்கிறான். சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிறான்.