மூன்றாவது போல்ட்டு

இது யாரோ சொல்லக் கேட்ட கதை அல்ல. என் கையால் ஸ்பானர் பிடித்தேன், என் காதால் கேட்டேன். அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து டிவிஷனில், அதே தோட்டத்தின் இன்னொரு பிரிவில், இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

என் பெயர் நல்லையா. பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவராக இருந்தேன். துரை சீமைக்குத் திரும்பியபோது, ஷெட்டில் கிடந்த பழைய ஆஸ்டின் காரை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1927ஆம் வருஷத்துக் கார். அடுத்து வந்த துரை தனக்கு டிரைவரே வேண்டாம் என்றார். கையில் ஓடாத கார், வேலை இல்லை. வருஷம் 1974.

அந்த வருஷம் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ரேஷன் கூப்பனுக்கு மாவு வரவில்லை. வேலை நாளும் குறைந்துவிட்டது. கிடைத்த கீரையை எல்லாம் வேகவைத்துத் தின்றோம். என் மகள் பாக்கியத்துக்கு அப்போது நாலு வயது. முதலில் பசிக்குது, பசிக்குது என்று அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்கும் என் மனைவி ரெங்கம்மாவுக்கும் அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

கொழும்பிலிருந்து வாஹித் என்ற முதலாளி வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர். ஆஸ்டினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் அந்தக் காலத்துச் சாமானா ஈக்கோணும். வெள்ளிக்கிழம வருவேன். எனக்கு முன்னால ஸ்டார்ட் ஆகோணும். ஆச்சுண்டா காரையும் எடுக்கிறேன், உன்னையும் டிரைவரா எடுக்கிறேன். பொண்டாட்டி புள்ளையோட வா. சாப்பாட்டுக்குக் குறை ஈக்காது."

எல்லாம் இருந்தது, மெக்னீட்டோவைத் தவிர. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற சாமான் அது. என் காரிலிருந்தது எரிந்து போயிருந்தது. இறக்குமதி நின்றுபோன காலம். புதுக் காருக்கே சாமான் இல்லை, நாற்பத்தேழு வருஷப் பழைய காருக்கு எங்கே போவது?

புதன்கிழமை பாக்கியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பும் வழியில் ஹாஷிம் நானாவின் கடையில் ஏறினேன். பழைய சாமான் வியாபாரி. அவரிடமும் இல்லை. நான் படியிறங்கும்போது அவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

"அப்புத்தளைக்கு மேல ஒரு மூடின டிவிஷன்ல இதே மொடல் ஒண்டு கெடக்கு, நல்லையா. மாடசாமிண்டு ஒரு வாட்சர் காவலுக்கு ஈக்கார். நான் அனுப்பினேண்டு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டுக் கடைக்குள் திரும்பிவிட்டார்.

மறுநாள் வியாழன். ரயிலில் அப்புத்தளை போய் இறங்கினேன். அங்கிருந்து மேலே நடை. வழி தவறி, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேரும்போது பக்கத்துத் தோட்டத்தில் ஆறு மணிச் சங்கு ஊதியது. பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை.

இடிந்த லயத்து வரிசை வீடுகளில் ஒரேயொரு காம்பராவில் மட்டும் வெளிச்சம். மாடசாமி ஐம்பது வயதுக்காரர். நான் கேட்டதும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு குப்பி விளக்கைப் பற்றவைத்துக் கொடுத்தார். கார் ஷெட்டைக் கையால் காட்டினார்.

"நீங்களும் வாங்களேண்ணே. வெளிச்சம் பிடிக்க ஆள் வேணும்."

"நான் வந்தா சரிவராது. நீங்க போங்க. மொதல்ல கண்ணாடிய ரெண்டு தட்டு தட்டுங்க. அப்புறம் வேலையப் பாருங்க."

"ஏண்ணே, பாம்பு இருக்கா?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷெட் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே கார் கல்லுக்கு மேல் நின்றது. டயர் இல்லை. என் கார் மாதிரியேதான், ஆனால் கூரையும் கண்ணாடியும் வைத்த கார். வலது பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அந்த இடுக்கில் ஒரு பூனைகூட நுழைய முடியாது.

ஈர மண் வாசனை அடித்தது. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்றும் இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது. விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கையால் துடைத்தேன். போகவில்லை.

ஆவி உட்பக்கம் படிந்திருந்தது.

இருபது வருஷம் கார் ஓட்டியவன் நான். கண்ணாடி எப்போது அப்படிப் படியும் என்று எனக்குத் தெரியும். குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தால்தான்.

போய்விடலாம் என்று திரும்பினேன். பாக்கியத்தின் முகம் வந்தது. பானட்டைத் திறந்தேன்.

மெக்னீட்டோ அப்படியே இருந்தது. துரு இல்லை. மூன்று போல்ட்டுகள். முதலாவது சுலபமாகக் கழன்றது. இரண்டாவதும் கழன்றது.

மூன்றாவது கழலவில்லை. நான் திருகத் திருக, அந்தப் பக்கத்து நட்டும் சேர்ந்து சுற்றியது. அந்த நட்டை இன்னொருவர் பிடித்தால்தான் இது கழலும். எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். கை போகவில்லை. சுவர்ப் பக்கம் போக வழியும் இல்லை. விரல் தோல் உரிந்து ரத்தம் வந்தது.

அப்போதுதான் கேட்டது.

டக்... டக்...

கண்ணாடியில். உள்ளிருந்து. நான் தட்டிய அதே இரண்டு தட்டு.

நான் அசையவில்லை. விளக்குச் சுடர் நேராக நின்றது. காற்றே இல்லை. காரின் கதவுக் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது... மறுபடியும் மேலே ஏறியது. கதவு திறக்கவில்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். "யாரா இருந்தாலும் சரிங்க... எம்புள்ள சாகப்போகுது. இத எடுத்துட்டுப் போகலன்னா எனக்கு வேற வழியில்லீங்க. ஒண்ணும் செஞ்சிராதீங்க" என்றேன்.

அதன்பிறகு கைப்பிடி அசையவில்லை.

எழுந்து ஸ்பானரை மறுபடி போட்டேன். திருகினேன்.

நட்டு சுற்றவில்லை.

அந்தப் பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

இறுக்கமாக. வேலை தெரிந்தவனின் பிடி. நான் திருகுகிற பலத்துக்குச் சரியாக, எதிர்ப்பக்கம் ஒரு பலம். இரண்டு சுற்று... மூன்று சுற்று... ஈர மண் வாசனை முகத்துக்கு நேரே வந்தது.

போல்ட்டு கழன்றது. மெக்னீட்டோ என் கையில் விழுந்தது.

அப்போது காருக்குள்ளிருந்து ஒரு குரல். சின்னக் குரல். தூக்கக் கலக்கத்தில் கேட்கிற மாதிரி...

"அப்பா... முடிஞ்சிருச்சா?"

விளக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. ஸ்டேஷன் விளக்கடியில் கையைப் பார்த்தேன். மெக்னீட்டோவின் ஒரு பக்கம் என் ரத்தம். மறுபக்கம் சேறு. காயாத சேறு. விரல் விரலாகப் பதிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வாஹித் முதலாளி வந்தார். ஹேண்டிலைப் போட்டு முதல் சுழற்றலிலேயே கார் ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் கொழும்புக்குப் போனோம். பாக்கியம் பிழைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்துப் பதுளைக்கு வந்தபோது ஹாஷிம் நானாவைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேதான் அனுப்பினீங்களா நானா?"

"சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்களா? அண்டைக்குப் புள்ளட முகத்தப் பாத்தேன். அதான் வாயத் தொறக்கல."

பிறகு மெல்லச் சொன்னார். பல வருஷத்துக்கு முன் ஒரு மழை ராத்திரி. அந்தக் காரின் டிரைவர், காய்ச்சலில் கிடந்த தன் மகளைப் பின் சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறான். மலைப் பாதையில் எஞ்சின் நின்றுவிட்டது. பிள்ளை நனையக்கூடாது என்று, உள்ளிருந்து கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மழையில் நின்று மெக்னீட்டோவைப் பார்த்திருக்கிறான். அப்போது மேலே மலை சரிந்தது.

மூன்றாம் நாள் மண்ணை வெட்டிக் காரை எடுத்தார்கள். அவன் நின்றபடியே இருந்தான். ஒரு கை எஞ்சினுக்குள். மாடசாமி அவனுக்கு மச்சான், பிள்ளைக்குத் தாய்மாமன். பிள்ளை பயந்துவிடக்கூடாது என்றுதான் கண்ணாடியைத் தட்டச் சொல்வாராம்.

"பிள்ளை?" என்று கேட்டேன்.

ஹாஷிம் நானா கடையின் பாதிக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு கண்ணாடியும் ஒடையல, நல்லையா. காருக்குள்ள ஒரு பிடி மண் போகல. கதவெல்லாம் உள்ளுக்குப் பூட்டினபடியே ஈந்திச்சி. பூட்ட ஒடச்சித்தான் தொறந்தாங்க... புள்ள மட்டும் உள்ளுக்கு இல்ல."