முருகேசனைப் பிழைக்க வைத்த செண்பகம் அக்கா

செண்பகம் அக்கா இறந்துவிட்டார். கொச்சி மட்டாஞ்சேரியில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த செண்பகம் அக்கா.

காலையில் வீட்டிலேயே மாரடைப்பு. சுமை தூக்கும் தொழிலாளி முருகேசன்தான் போன் செய்து சொன்னார்.

எங்கள் தமிழ்ப் பத்திரிகைக்குக் கொச்சியில் ஆபீஸ் கிடையாது. நிருபர் நான் மட்டும்தான். எழுதிய செய்தியை அக்காவின் கடைக்குக் கொண்டுபோவேன், அவர் டைப் செய்து அனுப்புவார். அப்படியே பல வருஷம் ஓடியது.

அக்கா பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மலையாளத்தைக் கடகடவென்று படிப்பார். தமிழ் கொஞ்சம் நிதானம்தான். நீளமான தமிழ் வரி என்றால் அலுப்பு. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, ஷார்ட்கட்.

"நல்" என்று அடித்தால் "தங்கள் நல்வரவை நாடும்" என்று கல்யாணப் பத்திரிகை வரி வந்து நிற்கும். "விசா" என்றால் "போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்". என் வரிகள் மட்டும் ஏகப்பட்டவை உள்ளே இருந்தன.

"உங்க நியூஸ்ல பாதி எங்கிட்டயே உண்டு சாரே. பேரும் ஊரும் மட்டும் போன்ல சொன்னா மதி, அது போதும், நீங்க வரவே வேண்டாம்" என்பார்.

ஒருமுறை மழைச் செய்தி ஒன்று கொடுத்தேன். அடித்து முடித்துவிட்டுக் கடைசி வரியில் கையை நிறுத்தினார்.

"பரபரப்பு வேண்டாமா சாரே?"

"மழைதானேக்கா..."

"அதுக்கென்ன? போன வாரம் ஒரு மாடு ஓடைல விழுந்ததுக்கே போட்டீங்களே."

அன்றிலிருந்து அந்த வார்த்தையை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

முருகேசன் கதைக்கு வருகிறேன். வெலிங்டன் தீவில் ஒரு கிட்டங்கியில் மூட்டை சரிந்து விழுந்து அவருக்குப் பலத்த அடி. மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். அம்மா அங்கே இருந்தார். அண்ணன் டீக்கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கு எங்கள் பேப்பர் போகும்.

"சிகிச்சை பெற்று வருகிறார்" என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

அது பெருமழை வாரம். வரிசையாகச் சாவுச் செய்திகள். அந்த ஷார்ட்கட் சாஃப்ட்வேர், ஒரே மாதிரி தொடங்கும் வரிகளில் அதிகம் அடித்ததை முதலில் காட்டும். அக்கா "சிகி" என்று அடித்து என்டரைத் தட்டியிருக்கிறார். "சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று வந்து உட்கார்ந்துவிட்டது.

எப்போதும் அடித்து முடித்ததும் மலையாள ராகத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுவார். அன்று பார்த்துக் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது, அவசரமாக அனுப்பிவிட்டார். நானும் கிளம்பிவிட்டேன்.

தோப்பும்படியில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது போன்.

"சாரே... ஒரு அபத்தம் பத்திப்போச்சு, பெரிய தப்பு. ஆளைக் கொன்னுட்டேன்."

"யாரைக்கா?"

"முருகேசனை."

கரண்ட் வந்ததும், வாசிக்காமல் விட்டது மனதை உறுத்தி, மறுபடி திறந்து வாசித்திருக்கிறார். அதனால்தான் தெரிந்தது.

"அவரோட அம்மா பேப்பரைப் பாத்தா என்னாகும் சாரே?" அவர் அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

டெஸ்க்கைக் கூப்பிட்டேன். பக்கம் போட்டுக்கொண்டிருந்த தம்பி உற்சாகமாக இருந்தான். "தலைப்பை 'தொழிலாளி பலி'ன்னு மாத்திட்டேன் சார். போட்டோ கிடைக்குமா?"

"தம்பி, ஆள் உயிரோட இருக்கார்."

"எப்பலேருந்து சார்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

நல்லவேளை, பக்கம் அச்சுக்குப் போகவில்லை. திருத்திய பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். அக்கா என் போனை வாங்கி, "சிகிச்சை பெற்று வருகிறார்" என்பதை விரல் வைத்து இரண்டு முறை வாசித்தார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், நடந்ததை முருகேசனிடம் அவரே சொன்னார். நானும் கூட இருந்தேன். தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் சிரித்தார்.

"என் மாமியாருக்கு மட்டும் ஒரு காப்பி அனுப்பியிருக்கலாமே சேச்சி..."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, அடிபட்ட ஆள் என்றும் பார்க்காமல் ஒரு கிள்ளு கிள்ளினார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது அக்கா சொன்னார்: "சாவு வரியை மட்டும் சிஸ்டத்துலேர்ந்து எடுத்துட்டேன் சாரே. அது கையாலதான். லேட் ஆகும், இருந்துக்கோங்க."

இருந்துகொள்வேன். அந்த வரி வரும்போது மட்டும் அக்காவின் கை மெதுவாகும். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பார். நான் வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குணமான பிறகு முருகேசன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடைக்குள் தலையை நீட்டுவார். "சேச்சி, என் நிலைமை எப்படி?"

"கவலைக்கிடம். போய் வேலையைப் பாருங்க."

போன மாதம் கடைசியாகப் பார்த்தபோதும் இதுதான் நடந்தது. முருகேசன் அன்று பேரக் குழந்தையைத் தோளில் வைத்திருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் நின்றது. அவசரப்பட்டவர் யாரும் இல்லை.

இன்று மாலை, சுள்ளிக்கல்லில் உள்ள அக்கா வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். முருகேசன் காலையிலிருந்தே அங்கேதான், நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார். நானும் கிளம்புகிறேன்.

போய் வாங்க அக்கா...